பழைய படகு, புது ரிக்கர்: கம்பியில் கை வைக்கும் முன் தெரிய வேண்டியவை

யாட் மரீனாவில் வேலை தேடுகிறவர்களில் பெரும்பாலோர் எஞ்சின், ஏசி, எலக்ட்ரிக்கல் என்றுதான் விண்ணப்பம் போடுகிறார்கள். அந்த வரிசை நீளம். பாய்மரத்தையும் அதை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பிகளையும் பார்த்துக்கொள்ளும் ரிக்கர் வரிசையில் கூட்டம் குறைவு. கொச்சி, கோவா, துபாய், சிங்கப்பூர் என்று பாய்மரப் படகு நிற்கும் இடமெல்லாம் இந்த வேலைக்கு ஆள் வேண்டும். சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இயங்கி வருகிறது. ஆரம்பிக்க ஊரை விட்டுப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆனால் கோடிக்கணக்கில் விலைபோகும் யாட்டில் புதியவரை யாரும் கம்பியைத் தொட விடமாட்டார்கள். உங்களுக்குக் கதவு திறப்பது 20, 25 அடி நீளமுள்ள, 30, 40 வயதான சின்னப் படகுதான். பில் தொகை சிறிது என்பதால் பெரிய கம்பெனிகளுக்கு அதில் ஆர்வம் இல்லை. ஓனர் படகை மலிவாக வாங்கியிருப்பார். கம்பி கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பது அவருக்கே தெரியாது. இந்தப் படகில் ஒழுங்காக வேலை செய்து காட்டினால் பக்கத்தில் நிற்கும் பெரிய படகின் ஓனர் உங்களைக் கவனிப்பார். அசிரத்தையாகச் செய்தால் ஏழெட்டு மீட்டர் அலுமினியக் கம்பம் ஒருவர் தலையில் விழும். உங்கள் கரியர் அன்றோடு முடியும். அந்தக் குடும்பத்தின் இழப்பு அதைவிடப் பெரிது.

ஒரு படகை வைத்தே பேசுவோம். கேட்டலீனா 22. ஃபிராங்க் பட்லர் கலிஃபோர்னியாவில் 1969-இல் தயாரிக்கத் தொடங்கிய டிரெய்லர் படகு. நீளம் 21 அடி 6 அங்குலம். 15,000-க்கும் மேல் கட்டப்பட்டது. அமெரிக்க ஏரிகளிலும் விரிகுடாக்களிலும் 1970களில் செய்த படகுகள் இன்றும் ஓடுகின்றன. பாய்மரம் டெக்கின் மேல் ஒரு சின்னத் தகட்டில் நிற்கிறது. அதைப் பிடிப்பவை எட்டுக் கம்பிகள்: முன்னே ஃபோர்ஸ்டே, பின்னே பேக்ஸ்டே, பக்கத்துக்கு மூன்று ஷ்ரவுடு. இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் இதே அளவிலான எந்தப் பழைய படகிலும் தைரியமாக ஏறலாம்.

1. முதல் நாள் ஸ்பேனரை எடுக்காதீர்கள். பாருங்கள்.

புதியவர்கள் செய்வது துருப்பிடித்த இடத்தைத் தேடுவது. அனுபவசாலி தேடுவது தண்ணீர் தேங்கும் இடத்தை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் தானாக உருவாகும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தால். அந்தப் படலம் புதுப்பிக்கப்பட ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் புகாத, ஈரம் மட்டும் புகும் இடுக்கில் படலம் சிதைந்து உலோகம் உள்ளுக்குள்ளேயே அரிக்கிறது. காற்றில் பளபளவென்று மின்னும் நடுக்கம்பி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆபத்து இருப்பது முனைகளில்.

கம்பியின் முனையை ஒரு உலோகக் குழாய்க்குள் செலுத்தி இயந்திரத்தில் அழுத்தி இறுக்கியிருப்பார்கள். அதுதான் ஸ்வேஜ். கீழ் முனை ஸ்வேஜை முதலில் பாருங்கள். உப்புத் தண்ணீர் கம்பி வழியாக இறங்கி அதற்குள்தான் தேங்குகிறது. மெட்டல் பாலிஷ் போட்டுத் துடைத்துவிட்டு, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் நீளவாக்கில் முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்வேஜ் லேசாக வளைந்திருந்தாலும் அது கழிக்க வேண்டியதுதான். சந்தேகம் இருந்தால் டை பெனட்ரன்ட்: சிவப்புத் திரவத்தை அடித்து ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக வெளியே வரும். அதைப் படமெடுத்து ஓனரிடம் காட்டிய பிறகு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

கம்பியை வெறும் கையால் தடவாதீர்கள். அறுந்த ஒரு இழை விரலைக் கிழித்துவிடும். டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டே போங்கள். அறுந்த இழை காகிதத்தில் மாட்டும். சின்னப் படகுகளில் பாய்மரத்தைத் தாங்கும் நிலைக் கம்பி 1×19 ரகம், அதாவது 19 இழைகள் சேர்ந்த முறுக்கு. அதில் ஒன்று அறுந்திருந்தால் மிச்சம் 18 இருக்கிறதே என்று கணக்குப் போடாதீர்கள். ஒன்றை அறுத்த அதே களைப்பு மற்றவற்றிலும் ஏறியிருக்கும்.

வயது தெரியாத கம்பியைக் காலாவதியான கம்பியாகவே எழுதுங்கள். நிலைக் கம்பிகளுக்குத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் 10 முதல் 15 ஆண்டு. பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் 10 ஆண்டைத் தாண்டினாலே கேள்வி கேட்கின்றன. வெப்பமும் உப்பும் அதிகமுள்ள நம் கடல்களில் இன்னும் முன்பாகவே பார்க்க வேண்டும்.

2. ஒளிந்திருக்கும் பகுதியைக் கழற்றிப் பார்ப்பவருக்குத்தான் மதிப்பு.

புதுக் கம்பி போட யாராலும் முடியும். செயின்பிளேட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்பவர்தான் ரிக்கர். ஷ்ரவுடின் இழுவையைப் படகின் உடலுக்குக் கடத்தும் உலோகப் பட்டை அது. பல பழைய படகுகளில் அது டெக்கைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கி, கேபினுக்குள் இருக்கும் பிளைவுட் தடுப்பில் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். டெக்கைத் துளைக்கும் அந்த ஓரிரண்டு சென்டிமீட்டர்தான் படகிலேயே மோசமான இடம். மேலே சீலன்ட், கீழே சீலன்ட், நடுவே பல வருட ஈரம். வெளியே தெரியும் பகுதி கண்ணாடியாக மின்னும். உள்ளே பாதித் தடிமன் போயிருக்கும்.

கேபினுக்குள் போய் செயின்பிளேட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை இருக்கிறதா பாருங்கள். பிளைவுட்டில் ஸ்க்ரூடிரைவர் முனையை லேசாக அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் அங்கே நிறுத்துங்கள். மரம் அழுகியிருக்கும்போது புதுக் கம்பியை இறுக்குவது, வாடிக்கையாளர் காசில் விபத்துக்கு ஏற்பாடு செய்வது. முதலில் மரம், பிறகு பட்டை, கடைசியில் கம்பி. இந்த வரிசையை ஓனர் மாற்றச் சொன்னால் வேலையை ஏற்காதீர்கள்.

திரும்ப மாட்டும்போது டெக்கின் நடு அடுக்கில் இருக்கும் மரத்தைத் துளையைச் சுற்றிக் கொஞ்சம் சுரண்டி எடுத்து, கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பி, அதன் நடுவே புதிதாகத் துளையிடுங்கள். பிறகு சீலன்ட் கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. சீலன்ட்டாக பியூட்டைல் டேப் அல்லது பாலிசல்ஃபைடு போதும். நிரந்தரமாக ஒட்டும் பாலியூரித்தேன் பசை வேண்டாம். அடுத்த முறை கழற்றப்போகிற ரிக்கர் நீங்களாகவும் இருக்கலாம்.

3. பாய்மரத்தை இறக்குவதுதான் முழு வேலையிலும் ஆபத்தான கட்டம்.

கேட்டலீனா 22 போன்ற படகில் பாய்மரத்தின் மேல் ஏறாதீர்கள். படகு இலேசு. உங்கள் எடை உச்சிக்குப் போனால் படகே சாயும். கம்பிகள் மேல் ஏற்கனவே சந்தேகம் வேறு. இறக்கி, மர ஸ்டாண்டில் கிடத்தி, நிதானமாகத் தரையில் வேலை செய்யுங்கள்.

இறக்கும் முன் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். மின்கம்பி இருக்கிறதா? அலுமினியப் பாய்மரம் மின்சாரக் கம்பியைத் தொட்டு ஆட்கள் இறந்த கதைகள் படகுத் தொழிலில் நிறைய. ஹோபி 16 என்ற இரட்டை உடல் படகின் அலுமினியப் பாய்மரத்துக்கு 1980களில் மின்சாரம் கடத்தாத ஃபைபர்கிளாஸ் மேல்முனை கொடுக்கப்பட்டதற்குக் காரணமே இந்த விபத்துகள்தான். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகளில் சாதாரண மேல்நிலை மின்கம்பிகளுக்குக் குறைந்தபட்ச இடைவெளி 10 அடி. நீங்கள் அதையும் தாண்டி, பாய்மரம் எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியை எட்டாத இடத்துக்கு டிரெய்லரைத் தள்ளிப்போய் நிறுத்துங்கள். இரண்டு நிமிட வேலை. இதில் சமரசமே கிடையாது.

அடுத்தது ஆட்கள். ஒருவர் கயிற்றைக் கட்டுப்படுத்த, ஒருவர் பாய்மரத்தின் அடியைப் பார்க்க, ஒருவர் பின்னால் தாங்கிப் பிடிக்க. உத்தரவு கொடுப்பது ஒரே ஒருவர், அது நீங்கள். ஃபோர்ஸ்டேயைக் கழற்றும் முன் பாய் ஏற்றும் ஹால்யார்டைப் படகின் முன்முனையில் கட்டி, கப்பி வழியாக எடையை அதற்கு மாற்றுங்கள். பக்கவாட்டு மேல் ஷ்ரவுடுகளைக் கழற்றவே கூடாது. பாய்மரம் சாயும்போது இடம் வலம் ஆடாமல் பிடிப்பவை அவை. கேபின் கூரை உயரத்தால் அவை தொய்ந்துவிடும் படகுகளில் தனியாகப் பக்கக் கயிறுகள் கட்டுங்கள். காற்று வலுத்தால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். பாய்மரம் விழக்கூடிய கோட்டில் ஓனரின் பிள்ளைகள் நின்று வீடியோ எடுக்க அனுமதிக்காதீர்கள்.

திரும்ப நிமிர்த்தும்போது பல பேர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. கம்பியின் கீழ் முனையில் அதை இறுக்கும் டர்ன்பக்கிள்கள் கோணலாக நின்று, பாய்மரம் எழும்போது அவற்றின் திருகுத்தண்டு வளைந்துவிடும். வளைந்த தண்டை நிமிர்த்திப் போடக் கூடாது. அது களைத்துப்போன உலோகம். ஒவ்வொரு அடி எழும்பியதும் நிறுத்தி, எட்டையும் ஒரு பார்வை பாருங்கள். எந்தப் பக்கமும் மடங்க இடம் கொடுக்கும் டாகிள் இல்லாத படகில், டாகிள் சேர்ப்பதை எஸ்டிமேட்டில் எழுதுங்கள்.

பெரிய படகில் மேலே ஏறியே ஆக வேண்டும் என்றால் இரண்டு ஹால்யார்டு: ஒன்று தூக்க, இன்னொன்று தனி ஆள் பிடிக்கும் பாதுகாப்புக்கு. ஷேக்கிளை நம்பித் தொங்காமல் கயிற்றை நேராக ஹார்னெஸில் முடிச்சிடுங்கள். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு சரடு. கீழே யாரும் நிற்கக் கூடாது.

4. அளவெடுப்பதில் கிடைக்கும் பெயர் வேறெதிலும் கிடைக்காது.

பழைய கம்பிகளைக் கழற்றிய உடனே ஒவ்வொன்றுக்கும் டேக் போடுங்கள்: இடது மேல், வலது முன் கீழ் என்று. நீளம் என்றால் முனையைப் பூட்டும் பின்னின் மையத்திலிருந்து பின்னின் மையம் வரை, கம்பியை இழுத்துப் பிடித்து, டர்ன்பக்கிள் பாதி திறந்த நிலையில். இரண்டு பக்கமும் ஒரே நீளம் என்று ஊகிக்காதீர்கள். ஒரு பக்கத்தை முன்பு யாரோ அவசரத்துக்கு மாற்றியிருக்கலாம். இடமும் வலமும் வித்தியாசப்பட்டால் ஏன் என்று கண்டுபிடித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

அங்குலமா மில்லிமீட்டரா என்பதில் கவனம். அமெரிக்கப் பழைய படகு அங்குலத்தில் இருக்கும். கால் அங்குலத் துளை 6.35 மி.மீ. அதில் 6 மி.மீ. பின்னும் நுழையும், கையில் ஆட்டினால்தான் தெரியும். அந்தச் சின்ன ஆட்டத்தால் மொத்த எடையும் ஒரு கோட்டில் ஏறித் துளையைத் தின்னும்.

இந்த அளவுப் படகில் பொதுவாக வரும் 1/8 அங்குல 1×19 கம்பியின் அறுபடும் எடை, 316 அல்லது 304 ரகத்தைப் பொறுத்துச் சுமார் 800 முதல் 950 கிலோ. 316-க்கு வலு சற்றுக் குறைவு, அரிப்பைத் தாங்கும் சக்தி அதிகம். கடல் படகுக்கு அதையே பரிந்துரையுங்கள். 'கொஞ்சம் தடிமனாகவே போட்டுவிடலாமே' என்று ஓனர் கேட்பார். தடித்த கம்பிக்குத் தடித்த பின், பெரிய துளை, கூடுதல் இழுவை எல்லாம் தேவைப்படும்; 40 வயது டெக் அதற்குக் கட்டப்படவில்லை. இதை இரண்டு வரியில் விளக்கத் தெரிந்தால் அவர் உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்.

5. ஸ்வேஜ் மிஷின் இல்லையா? அதுவே உங்களுக்கு வாய்ப்பு.

நல்ல ஸ்வேஜ் மிஷின் புதியவரின் பட்ஜெட்டுக்குள் வராது. ஸ்டா-லாக் போன்ற கையால் மாட்டும் டெர்மினலைக் கற்றுக்கொண்டால் ஸ்பேனரும் கேபிள் கட்டரும் போதும். 1×19 கம்பியில் வெளியே 12 இழை, உள்ளே 7. வெளி 12-ஐப் பிரித்து, உள் 7-இன் மேல் சின்னக் கூம்பை ஏற்றி, 12-ஐயும் கூம்பைச் சுற்றி மறுபடி சீராக அமர்த்த வேண்டும். எந்த இழையும் கூம்பின் பிளவுக்குள் விழக் கூடாது. ஒரு முறை இறுக்கிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்; 12 இழைகளும் கிரீடம் போலச் சமமாக மடங்கியிருந்தால் சரி. சீலன்ட் நிரப்பி, திருகுப் பசை வைத்து, கடைசியாக இறுக்குங்கள். தவறாக அமர்ந்தால் கூம்பைத் தூக்கிப்போட்டுப் புதியது எடுங்கள். வேலைக்குப் போகும் முன் பழைய கம்பித் துண்டுகளில் கை பழகும்வரை இதைச் செய்யுங்கள். கம்பி வெட்டும்போது கண்ணாடி கட்டாயம்.

இன்டர்வியூவுக்கு நீங்களே மாட்டி, நீளவாக்கில் அறுத்துப் பிளந்த ஒரு டெர்மினலை எடுத்துப்போய் மேஜை மேல் வையுங்கள். ரெஸ்யூமேயைவிட அது அதிகம் பேசும்.

6. சின்ன விஷயங்கள், வேகமாக.

காட்டர் பின்னைச் சுருட்டி மடக்காதீர்கள். இரண்டு காலையும் லேசாக விரித்தால் போதும், கடலில் அவசரத்துக்குக் கழற்ற முடியும். பாயைக் கிழிக்காமல் இருக்க மேலே டேப் சுற்றுங்கள். பழைய பின்னைத் திரும்பப் போடாதீர்கள். அலுமினியப் பாய்மரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ தொடும் இடமெல்லாம் டெஃப்-ஜெல் அல்லது டியூரலாக் தடவுங்கள், இல்லையென்றால் இரண்டு உலோகமும் சேர்ந்து வெள்ளைப் பொடியாக அரித்து இறுகிவிடும். ஸ்டெயின்லெஸ் டர்ன்பக்கிள் காய்ந்த நிலையில் எடையோடு திருகினால் ஒட்டிக்கொள்ளும். லானோலின் தடவிவிட்டுத் திருகுங்கள்.

7. டியூனிங்கை அளந்து செய்யுங்கள்.

கம்பியைத் தட்டிப் பார்த்தே சொல்வேன் என்பவர்களோடு போட்டி போடாதீர்கள். அளவுகோலோடு போங்கள். 1×19 கம்பியில் 2 மீட்டர் நீளம் 1 மி.மீ. நீண்டால் அறுபடும் எடையில் 5 சதவீத இழுவை ஏறியிருக்கிறது என்று பொருள். கம்பி கையளவு இறுக்கத்தில் இருக்கும்போது 2 மீட்டர் அளவுகோலின் மேல் முனையைக் கம்பியில் டேப்பால் ஒட்டுங்கள். கீழ் முனை ஸ்வேஜின் விளிம்பைத் தொடட்டும். இறுக்க இறுக்க இடைவெளி விரியும். 3 மி.மீ. விரிந்தால் 15 சதவீதம். மேல் ஷ்ரவுடுகளுக்கு 15 முதல் 20 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. பழைய உடல் என்றால் கீழ் எல்லையோடு நில்லுங்கள். இறுக்கும்போது கேபின் கதவு இறுகினாலோ டெக் உள்வாங்கினாலோ நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். புதுக் கம்பி முதல் சில ஓட்டங்களில் அமர்ந்துவிடும் என்பதால் இரண்டாவது விசிட்டையும் கோட்டேஷனிலேயே சேர்த்துவிடுங்கள். இலவசமாக வரேன் என்று சொல்லாதீர்கள்.

8. பணமும் பெயரும்.

அதே மரீனாவில் உங்கள் வேலையைக் குறை சொல்லியே வாடிக்கையாளரைப் பிடிக்கப் பார்ப்பவர் இருப்பார். உங்களுக்குக் கவசம் ரிப்போர்ட்தான். கழற்றும் முன், கழற்றிய பின், மாட்டிய பின் என்று ஒவ்வொரு முனைக்கும் மூன்று படம். என்ன பார்த்தீர்கள், எதை மாற்றினீர்கள், எதை மாற்றச் சொல்லி ஓனர் மறுத்தார் என்று அன்று இரவே அனுப்புங்கள். மறுத்தவற்றை எழுதும் அந்த ஒரு வரிதான் பின்னால் பிரச்சினை வந்தால் உங்களைக் காப்பாற்றும்.

'அறுந்ததை மட்டும் மாத்துங்க, மத்தது அப்புறம் பாக்கலாம்' என்று ஓனர் சொல்லும்போது கோபப்படாதீர்கள். 'சார், இந்த எட்டும் ஒரே நாளில் மாட்டினது, ஒரே வெயிலில் நின்னது. ஒண்ணை மட்டும் மாத்தினா மத்த ஏழுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது' என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, இரண்டு விலையையும் எழுதிக் கொடுங்கள். செயின்பிளேட் பழுதாக இருந்து அவர் அதையும் மறுத்தால் கைகுலுக்கிவிட்டு வந்துவிடுங்கள். அந்த வேலையை வேறு ஒருவர் எடுத்துக்கொள்வார், பரவாயில்லை. படகுகளைச் சோதித்து ரிப்போர்ட் கொடுக்கும் மரைன் சர்வேயர்களின் நட்பை வளர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கம்பியை மாற்று என்று எழுதுவது அவர்கள். யாரைக் கூப்பிடலாம் என்று ஓனர் கேட்பதும் அவர்களிடம்தான்.

பழைய படகு என்றால் மட்டமான வேலை என்று யாராவது சொன்னால், உலகைத் தனியாகச் சுற்றிவரும் கோல்டன் குளோப் போட்டியைப் பாருங்கள். 1988-க்கு முன் வடிவமைத்த, 32 முதல் 36 அடி வரையான படகுகளுக்கு மட்டுமே அதில் அனுமதி. 2018 போட்டியில் ஐந்து படகுகள் கடலில் பாய்மரத்தை இழந்தன; அதில் ஒன்று அப்போது நம் கடற்படையில் அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமியின் துரியா. முதுகு உடைந்து மீட்கப்பட்ட அவர், 2022-இல் தொடங்கிய அடுத்த போட்டியில் ரஸ்ட்லர் 36 ரகப் படகில் இரண்டாவதாக முடித்தார். புயலை எந்த ரிக்கராலும் நிறுத்த முடியாது. ஆனால் அப்படிப்பட்ட கடலுக்குப் போகிறவர் தன் பாய்மரத்தின் ஒவ்வொரு பின்னையும் யார் கையில் கொடுப்பார் என்று யோசியுங்கள்.

கற்றுக்கொள்ள ஒரு புத்தகம்: அமெரிக்காவின் போர்ட் டவுன்செண்டில் தொழில் செய்த பிரையன் டாஸ் எழுதிய 'தி கம்ப்ளீட் ரிக்கர்ஸ் அப்ரென்டிஸ்'. எடுக்க ஒரு சான்றிதழ்: கயிற்றில் தொங்கி வேலை செய்வதற்கான ஐராட்டா லெவல் 1. இந்தியாவிலும் பயிற்சி மையங்கள் உண்டு, மூன்று ஆண்டு செல்லும், பெரிய யாட் ரிக்கிங் கம்பெனிகளிலும் மதிப்புண்டு. லெவல் 2-க்குப் போகக் குறைந்தது ஓராண்டும், லாக் புக்கில் கையெழுத்து வாங்கிய 1,000 மணி நேரமும் வேண்டும். விடுபட்ட மணி நேரத்தை ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். கயிற்றில் தொங்கிய ஒவ்வொரு நாளும் கீழே இறங்கியவுடன் சூப்பர்வைசரிடம் புக்கை நீட்டுங்கள்.